தேடும் பக்கம் ஏன் திணறுகிறது? டேட்டாபேஸ் க்வெரி பற்றி ஓர் அறிமுகம்

டர்பன் தமிழ்க் குடும்பங்களில் யாராவது ஒருவர் என்றாவது கேட்டே தீரும் கேள்வி ஒன்று உண்டு: "எங்க ஆயாவோட தாத்தா எந்தக் கப்பல்ல வந்தாரு?" இதற்குப் பதில் காகிதத்தில் இருக்கிறது. 1860 நவம்பர் 16-ஆம் தேதி சென்னையிலிருந்து வந்த 'ட்ரூரோ' கப்பல் தொடங்கி 1911 வரை, நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கும் ரயில்வேக்கும் நிலக்கரிச் சுரங்கங்களுக்கும் ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் 1,52,184 பேர். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னையில் கப்பல் ஏறியவர்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்து, பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், கப்பல் என்று பதிவேட்டில் எழுதி வைத்தார்கள்.

இந்தப் பதிவேட்டை வைத்து ஒரு தேடுதளம் கட்டுவதாக வைத்துக்கொள்வோம். சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் வெரூலத்திலும் கம்ப்யூட்டர் படிக்கும் பிள்ளைகளுக்கு இப்படி ஒன்று செய்து பார்க்கும் ஆசை வருவது இயல்பு. எனக்கு அது மிகவும் பிடித்த ஆசை. பெயரைத் தட்டினால் கப்பலும் கிராமமும் வர வேண்டும், அவ்வளவுதான். கட்டுவதும் பெரிய வேலையில்லை. ஆனால் கட்டிய பிறகு தளம் தவழ ஆரம்பிக்கும். ஏன் தவழ்கிறது என்பதைத்தான் இங்கே விளக்கப் போகிறேன்.

தேடும் பெட்டியில் ஒருவர் பெயரை எழுதிப் பொத்தானை அழுத்துகிறார். அது இணையம் வழியாக சர்வருக்குப் போகிறது. சர்வரில் இருக்கும் நம் நிரல், தரவுகளைச் சேமித்துத் தேடித் தரும் மென்பொருளான டேட்டாபேஸிடம் ஒரு கேள்வி கேட்கிறது: "இந்தப் பெயருள்ள வரிகளைக் கொடு." இந்தக் கேள்விக்குத்தான் க்வெரி என்று பெயர். பதில் வந்ததும் நிரல் அதைப் பக்கமாக அடுக்கி அனுப்புகிறது. நிரல் செய்யும் அடுக்குவேலைக்குப் பெரும்பாலும் சில மில்லி விநாடி போதும். காத்திருப்பின் பெரும்பகுதி, டேட்டாபேஸ் பதில் தேடும் நேரத்தில்தான் போகிறது.

இங்கே ஒரு விஷயத்தை முதலிலேயே மனத்தில் போட்டுக்கொள்ள வேண்டும். ஒரு க்வெரி எத்தனை வரிகளைத் திருப்பிக் கொடுத்தது என்பதை வைத்து அதன் செலவை அளக்க முடியாது. அதைக் கொடுப்பதற்காக எத்தனை வரிகளைப் பார்த்தது என்பதுதான் செலவு. திரையில் ஒரே ஒரு பெயர் வந்திருக்கும். அந்த ஒன்றைத் தேட 1,52,184 வரிகளையும் டேட்டாபேஸ் புரட்டியிருக்கும். பார்ப்பவருக்கு அது தெரியாது, நிரல் எழுதியவருக்கும் பல நேரம் தெரியாது.

கணக்கைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். ஒருவரின் விவரம் சராசரியாக 200 பைட் என்று கொள்வோம். 1,52,184 வரிகளும் சேர்ந்தால் சுமார் 30 மெகாபைட். போஸ்ட்கிரஸ் என்ற டேட்டாபேஸ் தன் தரவை 8 கிலோபைட் அளவுள்ள பக்கங்களாக வைத்துக்கொள்கிறது. ஒரு பக்கத்தில் ஏறத்தாழ 40 வரிகள் அடங்கும். ஆகவே மொத்தம் சுமார் 3,800 பக்கங்கள். இண்டெக்ஸ் என்ற ஒன்று இல்லாவிட்டால், எந்தப் பெயரைக் கேட்டாலும் இந்த 3,800 பக்கங்களையும் முதலிலிருந்து கடைசி வரை அது பார்த்தாக வேண்டும். முதல் பக்கத்திலேயே ஒரு முனிசாமி கிடைத்துவிட்டாலும் நிறுத்த முடியாது, ஏனென்றால் இன்னொரு முனிசாமி கடைசிப் பக்கத்தில் இருக்கலாம்.

காகிதப் பதிவேட்டிலும் இதே நிலைமைதான். ஆட்கள் வந்த வரிசையில், எண் வரிசையில் அது எழுதப்பட்டிருக்கிறது. பழைய கல்யாணப் பத்திரத்திலோ இறப்புச் சான்றிதழிலோ அந்த எண்ணைக் கண்டுபிடித்துக்கொண்டு ஆவணக் காப்பகத்துக்குப் போனால் நேராக அந்தப் பக்கத்தைத் திறந்துவிடலாம். பெயர் மட்டும் தெரிந்தால் எல்லாத் தொகுதிகளையும் புரட்ட வேண்டும். யாராவது உட்கார்ந்து எல்லாப் பெயரையும் அகர வரிசையில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே பக்க எண்ணைக் குறித்து ஒரு தனிப் புத்தகம் போட்டிருந்தால், பெயரை வைத்தும் சட்டென்று போகலாம். டேட்டாபேஸ் இண்டெக்ஸ் என்பது அந்தத் தனிப் புத்தகம்.

அந்தப் புத்தகம் உள்ளே மரம்போல் அமைந்திருக்கும். இதற்கு பி-ட்ரீ என்று பெயர். 1970-இல் போயிங் நிறுவனத்தின் ஆராய்ச்சிக்கூடத்தில் ருடால்ஃப் பாயரும் எட்வர்ட் மெக்ரைட்டும் உருவாக்கிய இந்த அமைப்பு, அரை நூற்றாண்டு கடந்தும் இன்றைய டேட்டாபேஸ்களில் பெரும்பாலானவற்றின் முதுகெலும்பாக இருக்கிறது. மேலே ஒரு பக்கம். அதில் சில நூறு வழிகாட்டிகள்: "இந்த எழுத்து முதல் அந்த எழுத்து வரை என்றால் இந்தப் பக்கம் போ." அங்கே போனால் இன்னும் சில நூறு வழிகாட்டிகள். ஒரு பக்கத்தில் 300 வழிகாட்டிகள் என்று வைத்தால், இரண்டு அடுக்கில் 90,000 பெயர்கள், மூன்று அடுக்கில் 2 கோடியே 70 லட்சம் பெயர்கள் அடங்கும். நம் 1,52,184 பேருக்கு மூன்று அடுக்கு தாராளம். இண்டெக்ஸில் மூன்று பக்கம், அப்புறம் உண்மையான வரி இருக்கும் ஒரு பக்கம், ஆக நான்கு பக்கம் பார்த்தால் வேலை முடிந்தது.

3,800 பக்கத்துக்குப் பதில் 4 பக்கம். இவ்வளவு பெரிய லாபத்தை ஒரே ஒரு வரிக் கட்டளை தருகிறது என்பது எனக்கு இன்றும் அழகான விஷயமாகவே படுகிறது.

"என் லேப்டாப்ல பறக்குது அண்ணா, அப்புறம் எதுக்கு இண்டெக்ஸ்?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். சோதனைக்காக 50 பெயர் போட்டுப் பார்த்திருப்பார்கள். 50 வரியை முழுக்கப் புரட்டினாலும் நேரமே ஆகாது. 1,52,184 வரிகளையும் ஏற்றின பிறகுகூட, ஒருவர் மட்டும் தேடினால் ஏதோ 40 மில்லி விநாடியில் பதில் வந்துவிடலாம். 40 மில்லி விநாடியைக் கண்ணால் உணர முடியாது. சிக்கல் பெருக்கலில் இருக்கிறது. நவம்பர் 16 என்பது இங்கே முன்னோர்கள் வந்திறங்கிய நாளாக நினைவுகூரப்படும் தேதி. அன்று வாட்ஸ்அப் குழுக்களில் உங்கள் தளத்தின் சுட்டி பரவுகிறது, ஒரே விநாடியில் 200 பேர் தேடுகிறார்கள் என்று வையுங்கள். சர்வரில் இரண்டு கோர், அதாவது ஒரே நேரத்தில் வேலை செய்யும் இரண்டு கணிப்புப் பகுதிகள். ஒவ்வொரு க்வெரியும் ஒரு கோரை 40 மில்லி விநாடி பிடித்துக்கொள்கிறது. 200 தேடலும் முடிய 4 விநாடி ஆகும். அந்த 4 விநாடிக்குள் அடுத்த 200 பேர் வந்துவிடுவார்கள், அவர்களுக்குப் பின் இன்னும் 200 பேர். வரிசை குறையவே குறையாது. பொறுமை இழந்தவர்கள் ரீஃப்ரெஷ் அழுத்துவார்கள். பழைய க்வெரி உள்ளே ஓடிக்கொண்டிருக்கும்போதே புதியது ஒன்று சேர்ந்துவிடும்.

அதே க்வெரி இண்டெக்ஸோடு ஒரு மில்லி விநாடிக்குள் முடிந்தால், 200 பேரையும் பத்தில் ஒரு விநாடியில் அனுப்பிவிடலாம். இந்த இடத்தில் பலர் பெரிய சர்வர் வாங்குகிறார்கள். நான்கு கோர் வாங்கினால் 4 விநாடி 2 விநாடியாகும், மாதாமாதம் ரேண்டுகள் கூடுதலாகப் போகும். முதலில் க்வெரியைச் சரிசெய்யாமல் சர்வரைப் பெரிதாக்குவது காசைக் கரைக்கும் வேலை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சரி, இண்டெக்ஸ் போட்டாயிற்று. ஆனால் நம் பெயர்களுக்கு அது மட்டும் போதாது. பதிவேட்டில் பெயர்கள் எழுத்தரின் காதில் விழுந்தபடி ஆங்கில எழுத்தில் ஏறியவை. முனிசாமி ஓரிடத்தில் மூன்சாமி, இன்னோரிடத்தில் முன்சாமி. ஆகவே தளம் கட்டுபவர் என்ன செய்வார்? "நடுவில் எங்காவது 'சாமி' என்று வந்தால் கொடு" என்று கேட்பார். டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கும் எஸ்க்யூஎல் மொழியில் லைக் என்று எழுதி, தேடும் சொல்லுக்கு முன்னும் பின்னும் % (அங்கே எது வேண்டுமானாலும் வரலாம் என்ற குறி) போடுவது. வசதியானதுதான், ஆனால் சாதாரண இண்டெக்ஸ் அந்த நொடியே பயனற்றுப் போகிறது. அகர வரிசைப் புத்தகத்தில் முதல் எழுத்து தெரிந்தால்தானே போக முடியும்? முன்னால் % இருந்தால் முதல் எழுத்து என்னவென்று டேட்டாபேஸுக்குத் தெரியாது. மறுபடியும் 3,800 பக்கம். பின்னால் மட்டும் % போட்டு, "முனி என்று தொடங்குவது" எனக் கேட்டால், சரியாக அமைத்த இண்டெக்ஸ் உதவும்.

இதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, டிரைகிராம் இண்டெக்ஸ். ஒவ்வொரு பெயரையும் மூன்று மூன்று எழுத்துத் துண்டுகளாக்கி, அந்தத் துண்டுகளுக்கு இண்டெக்ஸ் போடுவது. போஸ்ட்கிரஸில் இதற்கான துணைக்கருவி கூடவே வருகிறது. நடுவில் வரும் சொல்லையும், ஓரளவு எழுத்து மாறிய பெயரையும் இது பிடித்துவிடும்.

இரண்டாவது வழி, ஒலியை வைத்துத் தேடுவது. சவுண்டெக்ஸ் என்ற பழைய முறை இருக்கிறது. அமெரிக்காவில் 1918-இலேயே காப்புரிமை பெற்றது. பெயரின் முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு, உயிரெழுத்துகளை விட்டுவிட்டு, மீதி ஒலிகளுக்கு எண் போடும். மேலே சொன்ன மூன்று முனிசாமிக்கும் எம் 525 என்ற ஒரே குறிதான் வரும். இந்தக் குறியை அட்டவணையில் தனிப் பத்தியாக (நெடுவரிசையாக) சேமித்து, அதற்கு இண்டெக்ஸ் போட்டுவிட்டால் தேடல் மறுபடியும் நான்கைந்து பக்க வேலையாகிவிடும். ஆனால் இது ஆங்கிலப் பெயர்களுக்காகச் செய்தது. முதல் எழுத்தை மாற்றாது என்பதால், கந்தசாமியை ஒருவர் 'கே' போட்டும் இன்னொருவர் 'ஜி' போட்டும் எழுதியிருந்தால் இரண்டும் வேறு வேறு குறியாகிவிடும். நமக்கு க, த, ப ஆகிய எழுத்துகளின் வல்லொலியும் மெல்லொலியும் ஒன்றாகச் சேர வேண்டும். ஆகவே 'கே'யையும் 'ஜி'யையும் ஒன்றாக்கி, 'டி' வகைகளை (T, D) ஒன்றாக்கி, 'பி' இரண்டையும் (P, B) ஒன்றாக்கி, நாமே ஒரு விதி எழுதிக்கொள்வது நல்லது. பத்திருபது வரி நிரல்தான். தரவை ஏற்றும்போது ஒருமுறை ஓட்டினால் போதும். தேடும்போது தேடுபவர் எழுதிய பெயரையும் அதே விதியில் சுருக்கி ஒப்பிட வேண்டும். தமிழ் காதுள்ள ஒருவர்தான் இதைச் சரியாகச் செய்ய முடியும், வெளியிலிருந்து யாரும் வந்து செய்து தரமாட்டார்கள்.

இண்டெக்ஸ் இருந்தும் பயன்படாமல் போகும் வேறு இரண்டு சந்தர்ப்பங்களையும் சொல்லிவிடுகிறேன். ஜில்லா, கிராமம் என்ற வரிசையில் இரண்டையும் சேர்த்து ஒரே இண்டெக்ஸ் போட்டிருந்தால், ஜில்லாவை மட்டும் கேட்டாலும் இரண்டையும் கேட்டாலும் அது உதவும். கிராமத்தை மட்டும் கேட்டால் பெரும்பாலும் உதவாது. இன்னொன்று மைஎஸ்க்யூஎல் என்ற வேறொரு டேட்டாபேஸில் அடிக்கடி நடப்பது: ஆள் எண்ணை எழுத்துவகைப் பத்தியில் சேமித்துவிட்டு, க்வெரியில் மேற்கோள் குறி இல்லாமல் வெறும் எண்ணாகக் கேட்பது. வகை மாறுவதால் இண்டெக்ஸை விட்டுவிட்டு எல்லா வரிகளையும் அது மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்கும்.

இதுவரை ஒரு க்வெரி கனமாக இருப்பதைப் பார்த்தோம். க்வெரி ஒவ்வொன்றும் இலேசாக இருந்து, எண்ணிக்கையால் கொல்வது வேறு வகை. தேடல் முடிவுப் பக்கத்தில் 50 பேரைக் காட்டுகிறீர்கள். ஒவ்வொருவர் எதிரிலும் அவர் வந்த கப்பலின் பெயரும் தேதியும் வர வேண்டும். கப்பல் விவரம் தனி அட்டவணையில் இருக்கிறது. நிரலில் 50 பேரை ஒரு க்வெரியில் எடுத்து, அப்புறம் ஒரு சுழலில் ஒவ்வொருவருக்கும் "இவர் கப்பல் எது?" என்று கேட்டால் மொத்தம் 51 க்வெரி. நிரலாளர்கள் இதை 'என் பிளஸ் ஒன்' சிக்கல் என்பார்கள். இணையத்தளம் கட்ட உதவும் ஜாங்கோ, லாராவெல் போன்ற கட்டமைப்புகளில் நீங்கள் எழுதும் ஒரு சின்ன வரி பின்னால் தனி க்வெரியாக மாறிக்கொண்டிருக்கும், கண்ணில் படவே படாது.

ஒரே கணினியில் எல்லாம் இருந்தால் 51 க்வெரியும் சேர்ந்து சில பத்து மில்லி விநாடிதான். ஆனால் நம் நாட்டில் இது எப்படி விபரீதமாகும் என்று பாருங்கள். தளத்தின் நிரல் ஜோகன்னஸ்பர்க் சர்வரில் ஓடுகிறது. மலிவாகக் கிடைத்தது என்று டேட்டாபேஸை ஐரோப்பாவில் வைத்திருக்கிறீர்கள். ஒளியிழையில் ஒளி ஒரு மில்லி விநாடிக்குச் சுமார் 200 கிலோமீட்டர்தான் போகும். கடலடிக் கேபிள் வழியே ஐரோப்பா போய்த் திரும்ப சுமார் 150 மில்லி விநாடி ஆகிறது. டேட்டாபேஸ் எவ்வளவு வேகமானதாக இருந்தாலும் இந்தத் தூரத்தை அது குறைக்க முடியாது. 51 முறை போய் வந்தால் 7.65 விநாடி. ஒரே க்வெரியில் ஜாயின் (இரண்டு அட்டவணைகளை இணைக்கும் கட்டளை) போட்டு ஆளையும் கப்பலையும் சேர்த்துக் கேட்டால் 150 மில்லி விநாடி. டேட்டாபேஸையும் நிரலையும் ஒரே ஊரில் வைத்தால் அதுவும் போயிற்று. கேப் டவுனிலும் ஜோகன்னஸ்பர்க்கிலும் இப்போது பெரிய மேகக் கணினி நிறுவனங்களின் மையங்கள் இருக்கின்றன. நிரலையும் டேட்டாபேஸையும் கடலுக்கு இரண்டு பக்கம் பிரித்து வைக்க எந்தக் காரணமும் இல்லை.

பக்கம் பக்கமாகக் காட்டுவதிலும் ஒரு மறைவான செலவு இருக்கிறது. பக்கத்துக்கு 20 பேர், 500-ஆவது பக்கம் வேண்டும் என்றால், "9,980 பேரைத் தாண்டி அடுத்த 20 பேரைக் கொடு" என்று கேட்பது வழக்கம். டேட்டாபேஸ் தாவிப் போகாது. 10,000 வரிகளை எண்ணி, 9,980-ஐத் தூக்கிப் போட்டுவிட்டு 20-ஐக் கொடுக்கும். "கடைசியாகப் பார்த்த ஆள் எண்ணுக்கு அடுத்த 20 பேர்" என்று கேட்டால் இண்டெக்ஸ் நேராக அங்கே கொண்டுபோய் விடும்.

இண்டெக்ஸ் இலவசமில்லை என்பதையும் சொல்ல வேண்டும். புதிய வரி சேரும்போதெல்லாம் ஒவ்வொரு இண்டெக்ஸையும் திருத்த வேண்டும், அதனால் எழுதும் வேலை மெதுவாகும். கடையின் பில் போடும் அட்டவணையில் கண்டபடி இண்டெக்ஸ் போட்டால் திணறும். நம் பதிவேடோ 1911-உடன் முடிந்துவிட்டது. அதில் யாரும் புதிதாகச் சேரப் போவதில்லை. தாராளமாக நாலைந்து இண்டெக்ஸ் போடலாம். குடும்பங்கள் தங்கள் குறிப்புகளையும் படங்களையும் சேர்க்க ஓர் அட்டவணை வைத்தால், அதில் மட்டும் கை அடக்கம் வேண்டும்.

தரவு மாறாதது என்பதால் கேஷ் செய்வதற்கும் இதைவிட நல்ல இடம் கிடையாது. 'ட்ரூரோ' கப்பலின் பக்கத்தை ஒருவர் பார்த்ததும் அதைத் தயாரான பக்கமாக எடுத்து வைத்துவிட்டால், அடுத்தவர்களுக்கு டேட்டாபேஸைத் தொடாமலே கொடுக்கலாம். செய்தித் தளங்களுக்குப் பழைய பதில் போய்விடுமோ என்ற கவலை உண்டு, இங்கே அது இல்லை. ஆனால் ஒன்று: கேஷ் வைத்து மோசமான க்வெரியை மூடி மறைக்காதீர்கள். ஆயிரம் பேர் ஆயிரம் விதமான பெயர்களைத் தேடும்போது முதல் தேடல் ஒவ்வொன்றும் டேட்டாபேஸுக்குத்தான் போகும்.

இவை எல்லாவற்றையும் ஊகித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. டேட்டாபேஸையே கேட்கலாம். போஸ்ட்கிரஸில் க்வெரிக்கு முன்னால் எக்ஸ்ப்ளெய்ன் அனலைஸ் என்ற இரண்டு சொற்களைச் சேர்த்து ஓட்டினால், எப்படித் தேடியது, எவ்வளவு நேரம் ஆயிற்று என்று அது எழுதிக் காட்டும். முதல் முறை பார்ப்பவருக்குத் தலை சுற்றும். இரண்டு இடத்தை மட்டும் பாருங்கள். 'சீக் ஸ்கேன்' என்று இருந்தால் முழு அட்டவணையையும் புரட்டியிருக்கிறது. அதன் கீழே 'ரோஸ் ரிமூவ்ட் பை ஃபில்டர்' என்று ஓர் எண் வரும். பார்த்துவிட்டு வேண்டாம் என்று தள்ளிய வரிகளின் எண்ணிக்கை அது. 14 பேரைக் கொடுத்துவிட்டு அங்கே 1,52,170 என்று இருந்தால், உங்கள் தளம் தவழும் காரணம் அந்த ஒரு வரியில் இருக்கிறது. இண்டெக்ஸ் போட்டு மறுபடி ஓட்டுங்கள். 'இண்டெக்ஸ் ஸ்கேன்' என்றோ 'பிட்மேப்' என்றோ மாறும், தள்ளிய வரிகள் மறைந்துபோகும் அல்லது சொற்பமாகும்.

மைஎஸ்க்யூஎல்லில் மெதுவான க்வெரிகளைத் தானாகவே ஒரு கோப்பில் எழுதிவைக்கும் வசதி உண்டு. ஆனால் 10 விநாடிக்கு மேல் போனால்தான் மெதுவானது என்று அது தொடக்கத்தில் எண்ணிக்கொள்ளும். இணையத்தளத்துக்கு அது யுகம். அரை விநாடிக்கு இறக்கி வையுங்கள்.

ஒரு வேளை க்வெரி எல்லாம் ஒழுங்காக இருந்தும் பக்கம் மெதுவாகத்தான் வருகிறது என்றால், பிரவுசரின் நெட்வொர்க் பகுதியைத் திறந்து, முதல் பைட் வர எவ்வளவு நேரம் ஆனது என்று பாருங்கள். அது சீக்கிரம் வந்துவிட்டால் டேட்டாபேஸ் மேல் பழியில்லை. பெரும்பாலும் பதிவேட்டுப் பக்கங்களின் ஸ்கேன் படங்களை மெகாபைட் கணக்கில் அப்படியே அனுப்பிக்கொண்டிருப்பீர்கள். தேடல் முடிவில் சிறிய படத்தைக் காட்டி, கேட்பவருக்கு மட்டும் பெரியதைக் கொடுங்கள். தேடுபவர்களில் பலர் கைபேசியில், காசு கொடுத்து வாங்கிய டேட்டாவில்தான் தங்கள் ஆயாவின் பெயரைப் பார்க்க வருகிறார்கள்.